முதல் பள்ளம்

“பாப்பா, டிவி லேட்டா, நான் லேட்டா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் வாய் திறக்காமல் நின்று நின்றே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்றும் நின்றேன்.

அண்ணன் முடிதிருத்துகிறவன். பதினாறு வருடம் கத்தி பிடித்த கை. ஆறு மாதமாக வலது கட்டை விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கேட்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேட்கிறது. நரம்புக் கோளாறு, இனி இப்படித்தான் என்றார் டாக்டர். அவன் நம்பவில்லை. ஒருவர் காதோரம் ரத்தம் வந்த பிறகு முதலாளி கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஒரு பலூனில் நுரை தடவி மழித்துக் காட்டவேண்டும். வெடிக்காவிட்டால் வேலை. தொழில் பழக வருகிறவர்களுக்கு வைக்கும் சோதனை அது.

விரலைப் பழக்கத்தான் ஒரு பெட்டியை வாங்கி வந்தான். சின்ன வயதில் அவன் ஆடிய வீடியோ கேம் மெஷினைப் போலவே புதிதாகச் செய்தது. பழைய கேசட்டுகளே அதில் பொருந்தின. ஒன்றை வாயால் ஊதிச் சொருகினான். சுவரில் மாட்டிய பெரிய டிவியில், குடை பிடித்த குள்ளன் கட்டம் கட்டமாக ஓடினான். அண்ணன் அந்த வயதில் கண்ணை மூடிக்கொண்டு முடித்த ஆட்டம். முதல் பள்ளத்திலேயே விழுந்தான்.

“முப்பத்தாறு வயசுல பள்ளத்துல விழ ஒரு பெட்டி வேணுமா? வெளிய இல்லாத பள்ளமா?” என்றாள் அம்மா.

விற்ற கடைக்காரர்தான் போனில் சொன்னார்: புது டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரம் பிந்திவிடுமாம். பழைய குண்டு டிவியில் அது கிடையாதாம். அண்ணன் முகம் அப்படித் தெளிந்தது. மூன்று நாள் விழுந்துகொண்டே இருந்தான், விழுந்து விழுந்து சிரித்தான்.

“பாத்தியாம்மா? டிவிதான் லேட்டு. என் கையில ஒண்ணுமில்ல.”

“அதானே. என் புள்ள கைக்கு என்ன கேடு?”

வெள்ளிக்கிழமை அவன் குளிக்கப் போயிருந்தபோது, ரிமோட்டைக் குடைந்து ‘கேம் மோட்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். போட்டால் தாமதம் போய்விடும் என்று எழுதியிருந்தது. நல்லது செய்வதாக நினைத்துப் போட்டேன். அவன் வந்ததும், அதிசயமாக வாயைத் திறந்து, சொல்லவும் சொன்னேன்.

ஈரத் தலையோடு உட்கார்ந்தான். விழுந்தான். ஏழு தடவை.

“இன்னும் லேட்டாதான் இருக்கு, இல்ல? நீ ஆடிப் பாரு பாப்பா.”

கன்ட்ரோலரில் அவன் விரல் வைத்த இடம் பிசுபிசுத்தது. குள்ளன் ஓடினான். பள்ளம் வந்தது. தாண்டிவிடுவேன் என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூச்சு பொறுத்து அமுக்கினேன். குள்ளன் உள்ளே போனான்.

“ஆமாண்ணா. லேட்டுதான்.”

இன்னொரு தடவையும் அதே போல் விழுந்தேன்.

“நான் சொல்லல? பாழாப்போன டிவி,” என்றாள் அம்மா.

திரும்பினேன். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. என் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையிலிருந்தே அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

எழுந்து சட்டையை எடுத்து மாட்டினான். மேல் பொத்தானோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினான். அம்மா எழப் போனாள், நான் அவள் சேலையைப் பிடித்தேன். பொத்தானை அப்படியே விட்டுவிட்டு, கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.