அப்பா திரும்பிய பக்கம்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆர்லிஸ் காப்பிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். காப்பி ஒரு சாக்கு. சனிக்கிழமை உறைந்த ஏரியில் கூடாரம் அடித்து, பனியில் துளை போட்டு மீன் பிடித்த ஆண்கள் எந்தெந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முன்னமே பார்த்து வைத்திருந்தாள். கோப்பை நிறைந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சனிக்கிழமை எங்கப்பாவ எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"பத்து இருக்கும். கூடாரத்து ஜன்னல் வழியா கையாட்டினேன்."

"அவர் ஆட்டினாரா?"

"வெண்டெல் என்னைக்கு ஆட்டியிருக்காரு?" என்று சிரிக்கப் போனவர், வெண்டெலின் சவப்பெட்டி இன்னும் மாடியில் இருப்பது நினைவுக்கு வந்து கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இன்னொருவர் பன்னிரண்டு மணிக்குப் பார்த்திருந்தார். மூன்றாமவர் இரண்டரைக்கு. "நிமிந்து உக்காந்திருந்தாரும்மா. தொளையவே பாத்துக்கிட்டு. நல்லா கடிக்குது போலன்னு நெனச்சு தொந்தரவு பண்ணல."

நிமிர்ந்து. அந்தச் சொல்தான் நான்கு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்து எல்லோரும் கிளம்பியபோது, நாலு மணிக்கு, யாரோ கூடாரத்துத் துணியை விலக்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதும் நிமிர்ந்துதான் இருந்திருக்கிறார். இதயம் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை; ஒரு பக்கம் ஹீட்டர், காலடியில் இரண்டடி உறைந்த ஏரி, உடம்பின் சூட்டை வைத்து எதைக் கணக்கிடுவது?

முப்பது வருடம் அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துதான் மீன் பிடித்தார். முதுகு போன பிறகும் வாளிதான். போன கிறிஸ்துமஸுக்கு ஆர்லிஸ் டுலூத் நகரம் வரை போய், கடையில் இருந்த இருக்கைகளில் எல்லாம் குளிருக்குப் போடும் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பார்த்தாள். தாழ்வானதில் முழங்கால் முகவாயைத் தொட்டது. துணி உறை போட்டது தண்ணீரைக் குடித்து, சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும். கடைசியில் ஒன்று அமைந்தது. உயரமான முதுகு, இரு பக்கமும் கை, இடுப்பை முறுக்காமல் இரண்டு துளைக்கும் திரும்பிக்கொள்ளச் சுழலும் அடிக்கட்டை. மடக்குக் கூடாரத்துக்கு அடித்தளமாக இருந்த சறுக்குவண்டியில் அவளே ஸ்பானர் பிடித்து அதை முடுக்கினாள். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

வாளியில் இருந்திருந்தால் விழுந்திருப்பார். விழுந்திருந்தால் கூடாரம் ஆடியிருக்கும், துணி புடைத்திருக்கும், நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய நாற்காலி அவரை விழவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ஊரே கையாட்டிவிட்டுப் போயிருக்கிறது.

கடைசி மேசையில் ஓரின் தனியாக இருந்தார். பக்கத்து வீடுதான், ஆனால் அப்பாவுக்கும் அவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. ஆறு வந்து சேரும் இடத்தில் ஏரி நன்றாக உறைந்து கெட்டியாகிவிட்டது, தாராளமாக வரலாம் என்று ஓரின் சொன்னதை நம்பி அப்பா போனார். பனி உடைந்து, முன்னால் ஓடிய அவருடைய நாய் தண்ணீருக்குள் போய்விட்டது. பிஸ்கட் என்று பெயர். ஓரின் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

கூஜாவோடு ஆர்லிஸ் வருவதைக் கண்டதும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தட்டில் ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தம் வைத்தபடியே இருந்தது.

"அவன் எங்க வந்தான்?" என்றாள் அம்மா வெர்னா. "உசுரோட இருந்தப்ப வேலியத் தாண்டி எட்டிப் பாக்காதவன், செத்ததுக்கப்புறம் ஹாம் சாண்ட்விச் திங்க வந்துட்டான்."

"அவர் எதையும் தொடவே இல்லம்மா."

"அதுவும் திமிருதான்."

உறைந்த மண் இளகினால்தான் குழி வெட்ட முடியும். ஏப்ரல் கடைசிவரை பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கல்கிடங்கில் இருக்கும். அதை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அம்மா உடுப்பை மாற்றாமலே அடுப்பருகில் உட்கார்ந்துவிட்டாள். கூடாரத்து இருக்கையின் மெத்தை அங்கேதான் சாய்த்து வைத்திருந்தது. ஏரியிலிருந்து வந்ததும் அதைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து காயவைப்பது அப்பாவின் வழக்கம்; ஈரத்தோடு வெளியே விட்டால் உள்ளே பஞ்சு உறைந்து வெடித்துவிடும். இந்தத் தடவை அதைச் செய்தது ஆர்லிஸ். அது எப்போதோ காய்ந்துவிட்டது. எடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

ஆர்லிஸ் கேரேஜுக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் அந்தக் கூடாரத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். வண்டியின் ஒரு சறுக்குக்கால் பனிமேட்டில் ஏறி உறைந்துபோயிருந்தது. கோடாலியால் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது. கேரேஜில் விடும்போது இருக்கையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வெறும் இருக்கை தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. திங்கள் காலை அது கதவைப் பார்த்து இருந்தது. அவள் திருப்பி வைத்தாள். செவ்வாய் காலை மறுபடியும் கதவைப் பார்த்து இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. மெல்ல, "அப்பா?" என்று கேட்டுப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா அது?

பிறகு மண்டியிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். அது நேராகச் சுவரோரத்து வடிகாலுக்கு ஓடியது. தளம் சரிவு. அடிக்கட்டைக்கு அப்பா நல்ல எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் குளிரிலும் இறுகவில்லை. இருக்கையின் கனமான முதுகு சரிவின் பக்கம் தானாகவே சுற்றி வந்திருக்கிறது. தெரிந்துகொண்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

இப்போது கதவில் நிழல் விழுந்தது. ஓரின், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"எல்லாரையும் கேட்ட. என்னைக் கேக்கல."

"நீங்கதான் எழுந்து போயிட்டீங்க."

"ஒரு மணிக்குப் பாத்தேன்" என்றார். "ஜன்னல் வழியா இல்ல. உள்ள போனேன்."

ஆர்லிஸ் கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டுத்தான் போனேன், வரலாமான்னு. பதில் இல்ல. வேணாம்னு சொல்லலையேன்னு போயிட்டேன். எரை வச்ச வாளி இருந்துச்சு, அது மேல உக்காந்தேன். மொகத்தப் பாக்கல. தொப்பிய எறக்கி விட்டிருந்தாரு. அதுவுமில்லாம மன்னிப்புக் கேக்கப் போறவன் மொகத்தையா பாப்பான்? ரெண்டு பேரும் தொளையப் பாத்துக்கிட்டிருந்தோம். பிஸ்கட் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும்."

"அவர் என்ன சொன்னார்?"

"உங்கப்பா என்னைக்கு என்ன சொன்னாரு?" அவர் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றினார். "ஆனா திரும்பினாரு, ஆர்லிஸ். நான் எந்திரிக்கையில, காத்து வேற படபடன்னு அடிச்சுது, அந்த நாற்காலி மெதுவா என் பக்கம் திரும்புச்சு. போதும்பா, இது போதும்னு அவர் தோளத் தட்டிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். நாலரைக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு."

உள்ளே அம்மா எதையோ கழுவும் சத்தம் வந்தது.

"அவர் திரும்பியிருந்தா என்னை மன்னிச்சுட்டாருன்னு அர்த்தம். ஆனா திரும்பியிருந்தா உசுரோட இருந்திருக்காரு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு மனுஷன் சாகறதப் பாக்காம, நாய்க்கதை பேசிட்டு எந்திரிச்சு வந்திருக்கேன். நாலு நாளா மாத்தி மாத்தி யோசிக்கிறேன், எது இருந்தா தேவலன்னு தெரியல. நாற்காலிய மாட்டினவ நீதான். சொல்லு. ஆள் திருப்பாம அது திரும்புமா?"

திரும்பாது என்று சொல்லிவிட ஆர்லிஸுக்கு ஆசையாக இருந்தது. ஒரு சொல் போதும். அப்பா தனியாகப் போகவில்லை, கடைசியில் ஒரு மனிதக் குரலின் பக்கம் திரும்பினார் என்று ஆகிவிடும். அதை அவளும் கேட்க விரும்பினாள், வேறு எதையும்விட. ஆனால் அந்தச் சொல்லின் மறுபாதியை இந்த மனிதர் சாகும்வரை சுமக்க வேண்டியிருக்கும். அவளும்தான்.

அவள் இருக்கையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அது அப்படியே நின்றது. பிறகு சத்தமே இல்லாமல், யாரோ கூப்பிட்டது போல, அசைந்து சுற்றி வந்து இருவரையும் பார்த்து நின்றது. ஓரின் ஓரடி பின்வாங்கினார்.

"சரிவுல வச்சா தானா திரும்பும்" என்றாள். "அன்னைக்கு வண்டியோட ஒரு கால் மேட்டுல இருந்துச்சு. நானே கொத்தி எடுத்தேன். காத்து கொஞ்சம் ஆட்டினா போதும், அது மேல யார் இருந்தாலும் திரும்பியிருக்கும்."

ஓரின் குனிந்து வண்டியின் சறுக்குக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நான் அவரைச் சாக விடல."

"விட்டதா இதை வச்சு சொல்ல முடியாது."

"ம். நான் சொன்னத அவரு கேக்கவும் இல்ல." வறட்டுச் சிரிப்பு ஒன்று வந்து பாதியில் நின்றது. "ஒம்பது வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்தேன். கடைசியில நாற்காலிகிட்ட கொட்டிட்டேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பினார். சிறு பிள்ளை மாதிரி தோள்கள் குலுங்கின. ஆர்லிஸுக்கு அவர் மேல் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"நில்லுங்க."

கூடாரத்துக்குள்ளிருந்து வாளியை எடுத்துச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். அவள் வண்டிக்குள் ஏறி அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தாள். மெத்தை இல்லாத பலகையின் குளிர் தொடை வழியாக ஏறியது.

"உக்காருங்க, ஓரின். அன்னைக்குச் சொன்னத மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"உன்கிட்டயா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அவர் தயங்கித் தயங்கி வந்து வாளியின் மேல் அமர்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையில் ஒரு துளை இருப்பது போலக் குனிந்து பார்த்தார். பிறகு, "அந்த வருஷம் டிசம்பர்லயே நல்லா உறைஞ்சிருச்சு" என்று ஆரம்பித்தார்.

இருக்கை கதவுப் பக்கம் போகப் பார்த்தது. ஆர்லிஸ் இரண்டு பூட்ஸையும் வண்டித் தளத்தில் ஊன்றி, அவருக்கு நேராக அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.