தலை குனிய வேண்டிய இடம்

சுக்கான் பரீட்சையில் தேறினால் நாகலக்ஷ்மியைப் படகில் திருவல்லத்துக்கு அழைத்துப் போகலாம். சுந்தரராமனுக்கு அதுதான் காரியம். சங்கத்தில் சுக்கான் பிடிக்கத் தேறியவர்கள் மட்டுமே குடும்பத்தை ஏற்றலாம் என்று சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"பஸ்ஸிலே போனா தலை சுத்தறது. ஆத்தோட போனா கோயில் வாசல்லேயே இறங்கிடலாமோல்லியோ?"

சுதந்திரம் வந்த மறுவருஷம் கரமனை ஆற்றங்கரையில் தொடங்கிய படகுச் சங்கம் அது. ஆபீஸ்காரர்களும் வக்கீல்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். யாருக்கும் அவசரம் கிடையாது. சட்டம் மட்டும் நிறைய உண்டு.

சுந்தரராமன் சமையலறையில் பாடம் படித்தான். நாகலக்ஷ்மி மணையில் அவனைப் பார்த்து உட்கார்ந்து, கைக்கு ஒரு கரண்டியாகப் பிடித்துக்கொள்வாள். அவன் கட்டளை சொல்வான்.

"இடது வலி!"

அவள் இடது கையை இழுப்பாள்.

"அது இல்லே. துடுப்புப் போடறவா பின்னாடி பாத்துண்டு உக்காருவா. படகோட இடது ஒனக்கு வலது கை."

"படகுக்கு ஏது கை?" என்றாள். ஆனால் அதற்குப்பின் ஒருமுறைகூடத் தவறவில்லை. சாம்பார் கொதிக்கும்போது அவளே கட்டளை சொல்ல ஆரம்பித்தாள். அவன் கரண்டி வலித்தான்.

சட்டங்களில் கடுமையானது, பெண்கள் குளிக்கும் துறையைக் கடப்பது பற்றிய சட்டம். துடுப்பு வலிப்பவர் பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும். துறையைத் தாண்டிய பிறகும் அது அவர் கண்ணெதிரிலேயே இருக்கும். அக்கிரகாரத்திலிருந்து புகார் வந்தது. அதற்குப்பின் சட்டம் போட்டார்கள்: துறைக்கு முந்தின வளைவில் சுக்கான்காரர் 'படகு' என்று ஒரே ஒரு குரல் கொடுக்க வேண்டும். பிறகு துடுப்பைத் தூக்கிவிட வேண்டும். சுக்கான்காரர் உட்பட எல்லோரும் தலை குனிய வேண்டும். பேச்சுக் கூடாது. துறை முடியும் இடத்தில் அரசமரம். அதன் நிழல் படகுக்குள் விழுந்து விலகினால் தலை நிமிரலாம். மீறியவனுக்கு மறுபரீட்சை கிடையாது.

பரீட்சையன்று ஆறு கலங்கலாக வந்தது. போனக்காட்டு மலையில் இரண்டு நாளாக மழை. காரியதரிசி வேலப்பன் பிள்ளை படகின் நடுவில் குடையோடு உட்கார்ந்தார். நாஞ்சில் நாட்டு வக்கீல். வலதுபக்கத் துடுப்பு அழகியநம்பி. இடதுபக்கம் ராஜையன், ஆஸ்பத்திரி குமாஸ்தா.

"ஸாரே, படகை முக்கினா நீந்திக்கிடலாம். ஆனா பிள்ளைவாளுக்க குடை நனஞ்சா ஒம்ம கதை முடிஞ்சுது, கேட்டீரா?" என்றான் ராஜையன்.

"வாயை மூடும் ஓய்," என்றார் பிள்ளை.

சுந்தரராமன் எல்லாம் சரியாகச் செய்தான். பாலத்தூணைச் சுற்றினான். தேங்காய்த் தொண்டு ஏற்றி எதிரே வந்த வள்ளத்துக்கு வழிவிட்டான். வளைவில் 'படகு' என்றான். துடுப்புகள் ஏறின. தலைகள் கவிழ்ந்தன.

துடுப்பு நின்றால் சுக்கானுக்கு உயிர் இல்லை. தண்ணீரின் போக்கில் படகும் போகும். அன்று தண்ணீர் இடப்பக்கம், துறையை நோக்கி இழுத்தது. சுக்கான் கையில் தொளதொளவென்று கிடப்பதை அவன் உணர்ந்தான். துணி துவைக்கும் சத்தம் இருக்கவேண்டியதைவிடப் பக்கத்தில் கேட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

படகின் மூக்குக்கு நேரே ஒரு தலை முங்கி எழுந்தது. முகமெல்லாம் சீயக்காய். கண் மூடியிருந்தது.

"இடது வலி! ராஜையா, இடது!"

ராஜையன் அசையவில்லை. அதுவும் பரீட்சையில் ஒரு பொறி என்று நினைத்துக்கொண்டான். சுந்தரராமன் மூங்கில் கழியை எடுத்துப் படியில் ஊன்றித் தள்ளினான். தண்ணீர் வாரி அடித்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். படகு விலகியது. அரசமர நிழல் வந்து போயிற்று.

பிள்ளை நிமிர்ந்தார்.

"என்னவே பண்ணினீர்?"

"ஒருத்தி குறுக்கே இருந்தா ஸார். தலையிலே இடிச்சிருக்கும்."

"ஆரு?"

"தெரியாது."

"நீங்க ஆராவது கண்டீங்களா?"

"நான் குனிஞ்சல்லா இருந்தேன்," என்றான் ராஜையன். அழகியநம்பியும் அதையே சொன்னான்.

"நானும் காணல்லே," என்றார் பிள்ளை. "சட்டப்படி இருந்த மூணு பேரும் ஒண்ணும் காணல்லே. கண்டது நீரு ஒருத்தர். அங்க போயி சாட்சி கேக்க ஒக்குமா?"

முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"துடுப்புப் போட வாரும். சுக்கான் இனி வேண்டாம்."

அவன் வீட்டுக்கு வருமுன்பே துறையிலிருந்து நாகலக்ஷ்மிக்குச் சேதி எட்டியிருந்தது.

"மேலத்தெரு லலிதாம்பாளாக்கும். தள்ளியிருக்காட்டா மண்டை போயிருக்கும்ங்கறா. அழறா."

"பிள்ளை கிட்டே சொல்லுவாளா?"

"எப்படின்னா சொல்லுவா? குளிக்கறச்சே பாத்தார், அதனாலே பொழைச்சேன்னா? அவ ஆத்துக்காரர் கிட்டயே சொல்லலே."

அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான்.

"திருவல்லத்துக்குப் பஸ் இருக்கே," என்றான்.

"இருக்கு," என்றாள். கரண்டிகளை எடுத்து மாட்டினாள்.

பஸ்ஸில் அவள் போகவில்லை.

அழகியநம்பி, ஆறு தெளிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சுக்கான் பரீட்சையில் தேறினான். துலாமாத மழையில் ஆறு மறுபடி கலங்கியது. அன்று சுக்கானில் அவன். இடதுபக்கத் துடுப்பு சுந்தரராமன், வலது ராஜையன், நடுவில் பிள்ளையும் குடையும். அழகியநம்பி 'படகு' என்றான். எல்லோரும் குனிந்தார்கள்.

சுந்தரராமன் பலகையில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகு இடப்பக்கம் நழுவுவது முதுகில் தெரிந்தது. துவைக்கும் சத்தம் நெருங்கியது. அழகியநம்பியிடமிருந்து மூச்சுகூட வரவில்லை.

துவைக்கும் சத்தம் நின்றது.

"இடது வலி!" என்றது துறையிலிருந்து ஒரு பெண் குரல். கணீரென்று, சாம்பார் கொதிக்கும்போது கேட்ட அதே குரல். "வலி! இன்னும்! போரும், தூக்கு!"

சுந்தரராமன் குனிந்தபடியே வலித்தான். சொன்னபோது தூக்கினான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கல்லில் துணி விழும் சத்தம் மறுபடி தொடங்கிப் பின்னால் போயிற்று.

அரசமர நிழல் முதுகில் ஏறி, மடியில் விழுந்து, விலகியது.

பிள்ளை குடையைச் சரிசெய்தார்.

"ஆருவே அது?"

"தெரியாது ஸார்," என்றான் சுந்தரராமன். "நான் பாக்கலே."

"தூக்குன்னு சொன்னது சரியான நேரத்திலயாக்கும்," என்றான் ராஜையன். "அந்த ஆளுக்குப் பரீட்சை வச்சா என்ன ஸாரே?"

பிள்ளை சட்டத்தை யோசிப்பவர்போல நெற்றியைத் தடவினார். சட்டத்தில் படகிலிருப்பவர்கள் பேசக்கூடாது என்றுதான் இருந்தது; கரையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"வலியும் ஓய்," என்றார்.

சுந்தரராமன் வலித்தான். வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன பேசுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.