ஆணியில் தொங்கிய அட்டை

பிரஸ் மெஷின் காலையிலிருந்தே அடம்பிடித்தது. பம்பை நிறுத்தி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், மீட்டரின் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கியது. ஃபிட்டர் அதை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மீட்டர்தான் புளுகுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மீட்டரை மாட்டினார். அதுவும் இறங்கியது. இரண்டும் கூடிப் பேசிக்கொண்டா புளுகும் என்று கேட்டான் மச்சினன். அந்த மெஷினை ஓட்டுகிறவன் அவன்தான். ஃபிட்டர் சொந்த அக்கா புருஷன் என்பதால் கொஞ்சம் வாய் நீளம்.

மெஷினை ஓட்டும் எண்ணெய் எங்கோ கசிகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. அதுதான் ஆபத்து என்று மச்சினனுக்குத் தெரியும். ரப்பர் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் சொட்டாது. கண்ணுக்குத் தெரியாமல் பீய்ச்சி அடிக்கும். இரும்புத் தகட்டையே மடக்குகிற அழுத்தம் அது, மனிதத் தோல் எம்மாத்திரம்? அதற்காகத்தான் மெஷின் பக்கத்து ஆணியில் ஓர் அட்டை தொங்கும். குழாயை ஒட்டி அதை நகர்த்திக்கொண்டே போனால், கசிகிற இடத்தில் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதை வெட்டி, கயிறு கட்டிக் கொடுத்தனுப்பியவள் அக்கா. புருஷனின் அவசரபுத்தி அவளுக்கு அத்துப்படி.

பம்பை மறுபடி ஓடவிட்டு ஃபிட்டர் ஆணியைப் பார்த்தார். அட்டை இல்லை.

மத்தியானம் அதை எடுத்தவன் மச்சினன்தான். சாப்பிட உட்கார்ந்தபோது தரை தூசியாக இருக்கிறதே என்று அதைத்தான் விரித்தான்; கசங்கிப்போனதும் குப்பையில் போட்டான். சொன்னால் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். வேறு அட்டை தேடுகிற பாவனையில் திரும்பினான். அதற்குள் மாமா குழாயின் அடியில் கையை விட்டுவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாப்ளே," என்று சிரித்தபடி கையை எடுத்தார். ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புப் புள்ளி, எறும்பு கடித்ததுபோல. ரத்தம்கூட இல்லை. வலிக்கவேயில்லை என்றார். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, குழாயை மாற்றினார். முள் அசையாமல் நின்றது. முதலாளி வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மச்சினன் நச்சரித்தான். எறும்புக்கடிக்கு ஆம்புலன்ஸா என்று மாமா கேலி செய்தார். வேலை முடிகிற நேரத்தில் ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல் மரத்து, விறைத்து, வீங்கியிருந்தது. அப்புறம் அவர் கேலி செய்யவில்லை.

எண்ணெய் சதைக்குள் போயிருக்கிறது, உடனே கையைக் கிழித்துக் கழுவ வேண்டும் என்றார் டாக்டர். கை தப்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நர்ஸ், வீக்கம் வந்து நின்ற இடத்தில், மணிக்கட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். ஆபரேஷன் அறை தயாராவதற்குள் வீக்கம் கோட்டைத் தாண்டியது. அவள் மேலே இன்னொரு கோடு போட்டாள். மாமா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மீட்டர் புளுகலை மாப்ளே," என்றார் மெதுவாக.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு அக்கா வந்து சேர்ந்தாள். அழவில்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆணியில அட்டை இருந்துச்சில்ல?"

அவன் குனிந்து பார்த்தான். மடியில் கிடந்த அவனுடைய இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருந்தன.