மூன்றாவது டிஸ்க்குக்கு இடம்

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. என் மூஞ்சில அடிக்காதீங்க, பெட்டிக்குள்ள அடிங்க."

டிரைவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் விரல்களை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வருஷக்கணக்காக அடுத்தவர் எலும்பைப் பார்த்தவள், லீவு நாட்களில் கம்ப்யூட்டரின் எலும்பைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

வீட்டு சர்வர் என்று அதைச் சொன்னாள். குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள் இருக்கும், எந்த ஊரிலிருந்தும் போனில் எடுத்துப் பார்க்கலாம். வீடு சின்னது. செருப்பு அலமாரியின் மேல்தட்டைத் தவிர ஓர் அங்குலம்கூடத் தரமுடியாது என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டதால் வந்த வினைதான் இந்தக் குட்டிப் பெட்டி. அதில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் இடம், இரண்டும் நிரம்பிவிட்டன. வெளியூரில் வேலை பார்க்கும் மகளோ தன் வீடியோக்களுக்கும் இடம் வேண்டும் என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சீட்டுன்னு தெரிஞ்சேதான வாங்கின? மூணாவது ஆளை எங்க ஏத்துவ, ஸ்டாண்டிங்கா?"

"ஃபேனுக்கு அடியில விரக்கடை இடம் இருக்கு, டிரைவர் சார். டேப் போட்டு ஒட்டிடுவேன். காத்துக்கு மட்டும் வழி விட்டுட்டாப் போதும்."

காலையிலிருந்தே இடது தோளை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தே வேலை செய்ததில் வந்த பிடிப்பு என்று இருவருமே நினைத்தார்கள்.

"அந்தச் சின்ன ஒயர் எட்ட மாட்டேங்குது, அதை அப்படியே..."

பேச்சு அந்த இடத்தில் நின்றது. அவள் அலமாரியோடு சரிந்து, சுவரில் சாய்ந்து, தரைக்கு வந்தாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. திருகாணிகள் உருண்டு ஓடின. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்று உண்டு. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத் தொடாதீங்க. முதல்ல கரண்டை நிறுத்துங்க. நீங்களும் சேர்ந்து போயிட்டா பிள்ளைக்கு யாரு?" கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில் பாதியைக் காதில் வாங்காத மனிதர், இதை மட்டும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

சுவரின் அடியில் இருந்த சுவிட்சை மறித்துக்கொண்டு அவள் கிடந்தாள். டிரைவர் அவளைத் தொடவில்லை. டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். மூன்று மாடிக்குக் கீழே மீட்டர் அறை. எது தன் வீட்டு மெயின் என்று அந்தப் பதற்றத்தில் பிடிபடவில்லை. இருந்த சுவிட்சை எல்லாம் கீழே தள்ளினார். கட்டடம் முழுவதும் ஃபேன்கள் நின்று, கரண்ட் போய்விட்டது என்று ஆட்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க, அவர்களை இடித்துக்கொண்டு மேலே ஓடிவந்தார்.

அவள் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது காலில் ஏதோ தட்டுப்பட்டது. பெட்டியின் ப்ளக். வேலை ஆரம்பிக்கும் முன்பு அவர்தான் அதைப் பிடுங்கி, அவளிடம் தூக்கிக் காட்டி, அங்கே வைத்தார்.

அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள் என்று எதுவும் சரியாக நினைவில்லை. டாக்டர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நினைவிருந்தது. ஹார்ட் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு, "விழுந்த உடனே யாராவது நெஞ்சை அழுத்திவிட்டீங்களா?" என்று கேட்டார். டிரைவர் இல்லையென்று தலையாட்டினார். பஸ் டிப்போவில் ஒருமுறை ரப்பர் பொம்மையைக் கிடத்தி அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகச் செய்தவர் என்று டிரைவருக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

மத்தியானத்துக்குள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சோபாவை நகர்த்தி ஹாலில் கிடத்தினார்கள். டாக்டர் என்ன சொன்னால் என்ன, கரண்ட் அடித்துத்தான் போய்ச் சேர்ந்தாள் என்று கட்டடம் முழுவதும் முடிவு பண்ணியிருந்தது. புருஷன் மெயினை நிறுத்த ஓடியதை அத்தனை பேரும் பார்த்தார்களே.

"நல்லவேளை நீங்க தொடல" என்றார் எதிர்வீட்டுக்காரர். "தொட்டிருந்தா ரெண்டு உயிரு."

டிரைவர் தலையாட்டினார். அழுகை வரவில்லை. நாளைக்கு அவளுக்குக் காலை டூட்டி, சீக்கிரம் எழுப்பிவிட வேண்டும் என்று நினைப்பு ஓடியது. ஓடியபிறகுதான் சுருக்கென்றது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவள் தம்பி வந்ததிலிருந்து ஒரு நிமிஷம் உட்காரவில்லை. நாற்காலி போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், நடுவில் பெட்டியைப் பழைய போர்வையில் சுருட்டி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான். "சாயங்காலம் குப்பை வண்டி வந்தா தூக்கிப் போட்டுடறேன் அத்தான். இது இனிமே இந்த வீட்டுக்குள்ள வேணாம்." அவர் அதற்கும் தலையாட்டினார். இன்றைக்கு அவர் தலை எல்லாவற்றுக்கும் தானாக ஆடியது.

மகள் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வாசலில் பையைப் போட்டுவிட்டு நேரே அம்மாவின் மேல் விழுந்தாள். கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். டிரைவரால் அதைப் பார்க்க முடியவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டவள், செருப்பு அலமாரியின் காலித் தட்டைப் பார்த்தாள்.

"எங்க மாமா அது?"

"வெளியில இருக்கு. அதைப் பத்திக் கேக்காத. அதுதான் அக்காவைக் கொன்னுடுச்சு."

"மூணாவது டிஸ்க் மாட்டிட்டு இருந்தாங்களா?"

தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"என்னாலதான். நான்தானே இடம் வேணும் இடம் வேணும்னு உயிரை வாங்கினேன். நேத்துகூடக் கேட்டேன், இன்னுமா முடியலன்னு."

"நீ என்னம்மா பண்ணுவ. அவ தலையெழுத்து."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. டிரைவர் மகளைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்துவிட்டால் பழி பெட்டியோடு போய்விடும் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார். அது பெட்டியோடு போகவில்லை. பிள்ளை அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆயுசுக்கும் இறக்கமாட்டாள், அம்மாவைப் போலவே அழுத்தக்காரி.

"கரண்ட் இல்லம்மா." காலையிலிருந்து பேசாத குரல், அவருக்கே அந்நியமாக இருந்தது. "ப்ளக் வெளியிலதான் கிடந்துச்சு. நான்தான் பிடுங்கி வச்சேன்."

தம்பி கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். "அப்புறம் எதுக்கு அத்தான் கீழ ஓடினீங்க?"

"மறந்துட்டேன்."

ஹாலில் இருந்த நாலைந்து பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"நிறுத்திட்டுத்தான் தொடணும்னு சொல்லியிருந்தா. அதையே நினைச்சுட்டு ஓடிட்டேன். திரும்பி வந்தப்புறம்தான் ப்ளக்கைப் பார்த்தேன். நெஞ்சை அழுத்தியிருக்கணுமாம். எனக்குத் தெரியும்மா அது. சொல்லிக்கொடுத்திருக்காங்க."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெறுங்காலோடு வெளியே போனாள். மாடிப்படியில் அவள் ஓடும் சத்தம் கேட்டது. இறங்கி இறங்கி, தேய்ந்து, அடியில் போய் நின்றது. மீட்டர் அறையின் தகரக்கதவு கிறீச்சிட்டது. மறுபடி படியில் காலடிகள் தடதடவென்று மேலே வந்தன.

கீழே ஓடித் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கப் போயிருக்கிறாள். டிரைவருக்கு அது புரிந்தபோது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பொத்திக்கொள்ளாமல் கடைசிப் படிவரை கேட்டார்.

அவள் வாசலில் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் அவசரமாக வாயில் வைத்ததில் தண்ணீர் சட்டையில் சிந்தியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.