இரண்டு தகடுகள்

சிப்பிகாட்டிலிருந்து யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றிக் கூப்பிட்டால், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் அந்த ஊர்த் தகட்டுக்குப் பதில் புரோத்ராபூர் என்று எழுதிய பித்தளைத் தகடு விழுந்தது. புரோத்ராபூரிலிருந்து சுற்றினால் சிப்பிகாட் தகடு. நாலு நாளாக இப்படி.

ஞாயிற்றுக்கிழமை மரம் சாய்ந்து இரண்டு லைனும் அறுந்தன. இணைத்தவன் லைன்மேன் துரைசாமி. கம்பத்தில் கம்பிகளை மாற்றி முறுக்கிவிட்டான் என்றார் சூப்பர்வைசர் பக்தவத்சலம். துரைசாமி மூன்று தடவை ஏறிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றான். அவர் நம்பவில்லை. துரைசாமியோ வேலை நிரந்தரமாகாத ஆள். வேலையிலிருந்து நீக்கி, வெள்ளிக்கிழமைக் கப்பலில் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு அனுப்ப உத்தரவு எழுதி வைத்துவிட்டார்.

போர்டில் உட்காரும் இந்திராணிக்கு அது ஒப்பவில்லை. வியாழன் மதியம், போன்கள் ஓய்ந்த நேரம் பார்த்துத் துரைசாமியைக் கூப்பிட்டாள். கம்பிகள் சுவர் வழியாக உள்ளே நுழையும் இடத்தில் சிப்பிகாட் கம்பியைக் கழற்றி, வெளிப்பக்கத்து முனையில் லைன் சோதிக்கும் போனை மாட்டச் சொன்னாள்.

"சுத்துங்கண்ணே."

சிப்பிகாட் பண்ணை கிளார்க் எடுத்து, யாரென்று ஹிந்தியில் கேட்டார். ஆக, வெளியே கோளாறு இல்லை. அடுத்து, போர்டுக்குப் போகும் முனையில் மாட்டிச் சுற்றச் சொன்னாள். புரோத்ராபூர் தகடு விழுந்தது.

"லைன் டீக் ஹை, சரியாத்தான் இருக்கு தங்கச்சி. உன் போர்டுதான் பொய் சொல்லுது."

இந்திராணி தகட்டையே பார்த்தாள். மழைக்காலத்து உப்புக்காற்றில் தகடுகள் களிம்பேறி ஒட்டிக்கொள்ளும். ஞாயிறுதோறும் போர்டில் இருப்பவர்கள் கழற்றி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஒன்றை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவது வழக்கம். இந்த ஞாயிறு அந்த இரண்டு லைனும் செத்துக் கிடந்ததால், இரண்டையும் சேர்த்தே கழற்றினாள்; திரும்ப மாட்டும்போது இடம் மாறிவிட்டது.

துரைசாமி ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மாற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் கம்பத்தில் தப்பு செய்து பிறகு திருத்தினான் என்ற பேச்சு அவன்மேல் நிற்கும்.

"தொடாதீங்கண்ணே. சார் வந்து பாக்கட்டும்."

பக்தவத்சலம் வந்தார். மறுபடி சுற்றச் சொல்லிப் பார்த்தார். தகட்டைக் கழற்றியது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்."

எழுதிக் கொடு என்றார். நின்றபடியே எழுதினாள். படித்துவிட்டு, இது உன் ஃபைலில் ஏறும் என்றார். ஏறட்டும் என்றாள். அவர் துரைசாமியின் உத்தரவை எடுத்துக் கிழித்தார்.

அவர் போன பிறகு துரைசாமி கேட்டான்: "அப்ப நான் மூணு வாட்டி கம்பம் ஏறினது?"

"அதையும் எழுதியிருக்கேன்ணே."