பாதியில் நின்ற திட்டு

ஸ்லைடின் மேல் ஸ்பிரிட் ஊற்றும்போது லேப் அக்கா வீட்டுக்காரரைத் திட்டுவாள். கோபமெல்லாம் இல்லை, தொழில் நிமித்தம். கிருமிக்கு ஊதாச் சாயம் ஏற்றிவிட்டு ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். ஒரு ஜாதிக் கிருமி ஊதாவை விடாது, இன்னொரு ஜாதி விட்டுவிடும்; எந்த ஜாதி என்று பார்த்துத்தான் மருந்து. கொஞ்சம் குறைந்தால் போகவேண்டிய சாயமும் தங்கிவிடும். கொஞ்சம் கூடினால் தங்கவேண்டியதும் போய்விடும். அந்தப் பதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு திட்டு வைத்திருந்தாள்.

"ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னா கேக்குற மனுஷனா இருந்தா நான் ஏன் இப்படிக் கத்தப்போறேன், எல்லாம் என் தலையெழுத்து."

தலையெழுத்து வந்ததும் தண்ணீர், ஸ்பிரிட்டின் வேலை அத்தோடு நிற்கும். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் இந்தத் திட்டைக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று அங்கே ஒரு பேச்சுண்டு. கடிகாரம் மறுத்ததில்லை.

நேற்று வந்த புட்டியில் இருந்தது வீட்டுக்காரரின் ரத்தம். மாடி வார்டில் காய்ச்சலில் கிடந்தார். இன்னொருவர் வரும்வரை பொறுக்காமல் அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்பிரிட்டை ஊற்றினாள். திட்டு வந்தது, துண்டோடு நின்றுவிட்டது. அனலாய்க் கொதிக்கிற மனுஷனை எப்படித் திட்டுவது? கை தன்பாட்டுக்குத் தண்ணீரைத் திறந்தது. மைக்ரோஸ்கோப்பில் குட்டை குட்டையாக ஊதா உருவங்கள். வார்டு டாக்டரம்மாவுக்குப் போனில் சொன்னாள். டாக்டரம்மா ஏற்கெனவே கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு, ஊதாக்காரர்களுக்கென்றே உள்ள வான்கோமைசினை ஏற்றச் சொன்னார்.

இன்று காலை காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியிருந்தது. குட்டி போட்ட பூனையாக மாடிக்கும் லேபுக்கும் அலைந்தாள். துடைத்த மேசையையே துடைத்தாள். யாரோ ஒருவரின் ஸ்லைடைக் கழுவியபோது திட்டு தங்குதடையின்றி வந்தது. தலையெழுத்து என்று முடித்துத் தண்ணீரைத் திறந்தவள், திறந்த குழாயை மூட மறந்து நின்றாள். நேற்று தலையெழுத்து வரவேயில்லையே.

வீட்டுக்காரரின் புட்டியிலிருந்து புதிதாக ஒரு ஸ்லைடு போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகத் திட்டினாள். ஊதா கரைந்து ஓடியது. சிவப்புச் சாயம் ஊற்றிப் பார்த்தால் அத்தனையும் இளஞ்சிவப்பு. இந்த ஜாதிக் கிருமி சட்டைக்கு மேல் சட்டை போட்டது. மேல்சட்டைத் துளையோ எலி வளை, வான்கோமைசினோ யானை. நேற்றிலிருந்து யானை வெளியே நிற்கிறது, உள்ளே எலிகள் குட்டி போடுகின்றன.

போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, நேத்து நான் சொன்னது தப்பு. ஊதா இல்ல, பிங்க்."

"ஸ்லைடு மாறிடுச்சா?"

மாறிவிட்டது என்று சொல்ல நாக்கு ஒருமுறை புரண்டது.

"இல்ல. நான்தான் பாதிக் கழுவுல நிறுத்திட்டேன்."

பழைய மருந்தையே உடனே ஆரம்பிப்பதாகவும், இனி சொந்த வீட்டு ரத்தத்தை அவள் தொடக்கூடாது என்றும் டாக்டரம்மா சொன்னார்.

மாடிக்குப் போனபோது மருந்து மாறியிருந்தது. நெற்றியில் போட்ட ஈரத் துண்டு நழுவி மெத்தையை நனைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கண்ணை அரைவாசி திறந்தார்.

"நேத்துலருந்து திட்டே காணோம். நான் அவ்ளோ மோசமாவா இருக்கேன்?"

அவள் துண்டை எடுத்தாள். கைக்கு ஏறும் டிரிப் குழாயில் மருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"ஈரத் துண்டக்…" என்றாள். அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தாள். "கட்டில்ல…" சொட்டுக்கு ஒரு சொல்லாக, மருந்து இறங்கி முடியும்முன் கடைசிச் சொல் வந்துவிடாதபடி, மெல்ல மெல்லத் திட்டிக்கொண்டிருந்தாள்.