ஓவன் கதவுக்கு மூன்று கை

எங்கள் பேக்கரிக்கு முதலாளி கிடையாது. இருந்தவர் வயதாகிவிட்டதென்று, கூலிக்கு இருந்த எங்களுக்கே கடையை விற்றுவிட்டுப் போனார். நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், என் அண்ணன், சித்தப்பா. நால்வரும் சமம், எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு, மூன்று கை எழுந்தால்தான் நடக்கும். இது அண்ணன் போட்ட சட்டம். அவன் பொதுவுடைமைக்காரன். மாவு பிசையும்போதுகூட உலகத் தொழிலாளர்களை விடமாட்டான்.

என் கணவர் அதற்கு நேர் எதிர். போட்டியும் லாபமும் இல்லாவிட்டால் மனிதன் படுக்கையை விட்டே எழமாட்டான் என்பார். அவரைக் காலையில் எழுப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சித்தப்பா அரசாங்க ரொட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்தினால் இந்தத் தலைவலியே இல்லை என்பது அவர் கட்சி.

ஓவன் என் பொறுப்பு. ஆனால் ஆளாளுக்குக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததில் கேக்கெல்லாம் அமுங்கிப்போக, அந்தக் கதவுக்கும் மூன்று கை வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஒருநாள் அண்ணனோடும் மறுநாள் கணவரோடும் கை தூக்குவேன். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே.

அன்று ஆஸ்பத்திரி சமையலறைப் பொறுப்பாளர் அம்மா ரொட்டியைச் சாப்பிட்டுப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் தினமும் எங்கள் ரொட்டிதான். பிடிக்காவிட்டால் அந்த மாதத்தோடு ஷட்டரை இறக்க வேண்டியதுதான். வேறு பெரிய ஆர்டர் எதுவும் கையில் இல்லை.

முதல் தட்டுகள் வெந்ததும் சொல்லிக் கை தூக்கினேன். என் கணவர் உடனே கை தூக்கினார். மாப்பிள்ளை தூக்கிவிட்டாரே, அண்ணன் தூக்குவானா? முதலில் விவாதிக்க வேண்டும் என்றான். ஆலையில் மணி அடிக்கும்வரை யாரும் கதவைத் தொடமாட்டோம் என்றார் சித்தப்பா. இரண்டுக்கு இரண்டு. லாபத்துக்கு ஆசைப்பட்டவன் இல்லாவிட்டால் ரொட்டி வெட்டும் மெஷினே வந்திருக்காது என்றார் கணவர். மெஷினை ஓட்டினவன் வயிறு நிறைந்ததா என்று கேட்டான் அண்ணன். அரசாங்கம் விலையைக் கட்டிப்போட்டதால்தான் ஏழைக்கும் ரொட்டி கிடைத்தது என்றார் சித்தப்பா. அப்படியென்றால் அரசாங்கக் கடையில் ஏன் அத்தனை நீள வரிசை என்று மடக்கினார் கணவர். புகை வந்த பிறகுதான் நான்கு கையும் ஒன்றாக எழுந்தன. ரொட்டியெல்லாம் கரிக்கட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, அடுத்த தட்டுகளுக்கு மாவு பொங்கித் தயாராக இருந்தது. அவை உள்ளே வேகும்போதே அந்த அம்மா வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேல்தோல் முறுகும் வாசனை வந்தது. எடுக்கலாம் என்றேன். கணவர் கை தூக்கினார். அண்ணன் தொண்டையைச் செருமினான். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். கதவைத் திறந்துவிட்டேன்.

“யாரும் கைய தூக்க வேண்டாம், இறக்குங்க. தட்டு பிடிக்கத்தான் கை வேணும்.”

மூவரும் ஓடிவந்து பிடித்தார்கள்.

அந்த அம்மா சூடாக ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். இன்னொரு துண்டை அவராகவே எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்தே அனுப்பிவிடுங்கள் என்றவர், போகும்போது இங்கே முதலாளி யார் என்று கேட்டார். என் கணவருக்கு நாக்கு துறுதுறுத்திருக்கும், ஆனாலும் அடக்கிக்கொண்டார்.

அந்த அம்மா போனதும் அண்ணன் கூட்டம் போட்டான். முகத்தில் சிரிப்பே இல்லை. கஷ்டப்பட்டுக் கிடைத்த ஆர்டர், இதை வைத்து அண்ணனும் கணவரும் பிரிந்துவிட்டால் நான் எந்தப் பக்கம் நிற்பேன்?

“சட்டத்த மீறினது தப்புதான்,” என்றான். “ஆனா அந்தச் சட்டமே தப்பு. ஓவன் கதவு இனிமே தங்கச்சி பொறுப்பு. அவ சொன்னா திறக்கணும், வேண்டாம்னா மூடணும். சம்மதம்னா கை தூக்குங்க.”

சொல்லிவிட்டு அவனே முதலில் தூக்கினான்.

“பாத்தீங்களா மச்சான், கடைசியில ஒரு முதலாளி வேண்டியிருக்கு,” என்று தூக்கினார் கணவர். நாம் தேர்ந்தெடுத்தவள் எப்படி முதலாளி ஆவாள் என்று அண்ணன் பாய்ந்தான். இரண்டும் இல்லை, இது முறைப்படி கொடுத்த பதவி என்று சித்தப்பாவும் தூக்கினார். மூவர் முகத்திலும் ஜெயித்த களை.

மூன்று கை ஆகிவிட்டது. அதற்குமேல் தேவையில்லை.

“நீ தூக்கலையா?” என்றான் அண்ணன்.

இத்தனை நாளும் யார் மனம் கோணுமோ என்று பார்த்துப் பார்த்துத் தூக்கிய கை இது. அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமல் தூக்கினேன்.